பெட்டிக்குள் போடாத வசனங்கள்

தெற்கே, பனையும் செம்மண்ணுமாகக் கிடக்கிற ஒரு ஊரில் இறையியல் கல்லூரி ஒன்று இருந்தது. போதகராகப் போகிறவர்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்களில் ஒருவர் கிதியோன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படிக்க வருவதற்கு முன்னால் அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். மைதானத்தின் இந்த முனையில் நின்று ஒரு அதட்டுப் போட்டால், அந்த முனையில் சட்டையை வெளியே விட்டிருக்கிறவன் உள்ளே சொருகிக்கொள்வான். அப்படிப்பட்ட குரல்.

அந்தக் குரல் மூன்றாம் வருஷப் படிப்பில் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

அவருக்குப் பாடம் எடுத்தவர் எப்சிபா. கிதியோனைவிட வயதில் இளையவர். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வெளியே வந்தால் 'அண்ணே' என்பார். கிதியோனுக்கு அவர் உள்ளேயும் வெளியேயும் 'மேடம்'தான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கிதியோன் எப்சிபாவின் அறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"உள்ள வாங்கண்ணே. யாருக்கு என்ன?"

"சலோமி அக்காவுக்கு மேடம். எனக்கும்தான்."

அந்தப் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் ஒரு பெட்டியைக் கொண்டுவருவார்கள். உள்ளே வேத வசனங்கள் சின்னச் சின்ன அட்டைகளாகக் கிடக்கும். ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறவர்களும் உண்டு, விரலால் துழாவோ துழாவென்று துழாவி எடுக்கிறவர்களும் உண்டு. கையில் வந்தது எதுவோ, அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் கொடுத்த வாக்குத்தத்தம். அதைச் சிலர் பீரோக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். இப்போதெல்லாம் போட்டோ எடுத்துப் போன் முகப்பிலும் வைத்துக்கொள்கிறார்கள்.

வார இறுதியில் ஊழியம் பழகுவதற்காகக் கிதியோன் போய்வந்த சபையில், இந்த வருஷம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற சலோமி ஒரு அட்டையை எடுத்தாள். மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை. "வாசிங்க மாஸ்டர்" என்று நீட்டினாள். சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்கிற மாதிரி ஒரு வசனம். கிதியோனுக்கு அன்றைக்கு உற்சாகம். பழைய மைதானக் குரலை எடுத்து, சபை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். "அக்கா, இது உங்களுக்குன்னே வந்தது" என்றும் சொல்லிவைத்தார்.

சில வாரம் கழித்து சலோமிக்கு மார்பில் கட்டி தட்டுப்பட்டது. புற்றுநோய் என்றது பரிசோதனை. வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்தார். சலோமி மாட்டேன் என்றுவிட்டாள்.

"கர்த்தர் சொன்னதுக்கு மேல டாக்டர் என்ன சொல்லுததுன்னு கேக்காங்க மேடம். அவங்க வீட்டுக்காரர் தங்கப்பழம் நேத்து என் கையைப் பிடிச்சிட்டு அழுதாரு. 'நீங்கதான வாசிச்சீங்க, நீங்களே வந்து சொல்லுங்க'ன்னு."

"போனீங்களா?"

"வாசல் வரைக்கும் போனேன். செருப்பைக் கழட்டினேன். திரும்ப மாட்டிட்டு வந்துட்டேன்."

எப்சிபா சிரிக்கவில்லை.

"என்ன பயம்?"

"அது சும்மா அட்டைதான்க்கான்னு சொன்னா, அவங்க பிடிச்சிட்டு நிக்கிற ஒரே கம்பை நான் உருவின மாதிரி. அதுக்கப்புறம் ஆபரேஷன்ல ஏதாவது ஆயிட்டா? சொல்லாம விட்டா கட்டி முத்திரும். எந்தப் பக்கம் போனாலும் கடைசில என் தலைமேலதான் வந்து விழுது."

"போன பரீட்சையில விசுவாசமும் மருத்துவமும்னு ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நல்லா எழுதியிருந்தீங்க."

"அதுல ஒரு வரிகூட அவங்க வாசல்ல ஞாபகம் வரல."

கிதியோன் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் கால் நிலைகொள்ளவில்லை.

"முன்னாடியெல்லாம் யார் கேட்டாலும் பட்டுன்னு பதில் சொல்லிருவேன் மேடம். இப்ப ஒரு வசனத்தைத் தொட்டா, இது யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எந்த நிலைமையிலன்னு வரிசையா கேள்வி வந்து நிக்குது. படிச்சுப் படிச்சுப் பயந்தாங்கொள்ளி ஆயிட்டேன். இந்தப் படிப்பு எதுக்கு?"

எப்சிபா நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டார். "பெட்டிக்கு வசனம் பொறுக்கினது யாரு?" என்றார்.

"நானும் சபைச் செயலாளரும்."

"எல்லாத்தையும் போட்டீங்களா?"

"அது எப்படி? நல்லதா பார்த்துத்தான். அழுகை, சாவு, புலம்பல் எல்லாத்தையும் தள்ளிட்டோம். புது வருஷமும் அதுவுமா அது யாருக்காவது வந்திரக் கூடாதில்ல? செயலாளர் சொன்னாரு, அது வந்தவன் அடுத்த வாரம் பக்கத்துச் சபையில உக்காந்திருப்பான்னு."

எப்சிபா மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத் தாளும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்தார்.

"தள்ளினதை எழுதுங்க."

கிதியோன் எழுதினார். ராத்திரியெல்லாம் அழுது படுக்கையை நனைத்தவன் சொன்னது. ஏன் முகத்தை மறைத்துக்கொண்டீர் என்று கேட்டவன் சொன்னது. தான் பிறந்த நாளையே சபித்தவன் சொன்னது. என் நெஞ்சு மெழுகாக உருகிப்போயிற்று என்றவன் சொன்னது. எழுதி, வெட்டி, மடித்தார். காலியாகக் கிடந்த ஒரு சாக்பீஸ் டப்பாவில் எப்சிபா அவற்றைப் போட்டுக் குலுக்கினார்.

"ஒண்ணு எடுங்கண்ணே."

கிதியோன் டப்பாவைப் பார்த்தார்.

"வெறும் தாள்தான? நீங்களே எழுதி நீங்களே வெட்டினது."

"ஆமா."

"அப்ப எடுங்க."

கிதியோனின் கை டப்பா வரைக்கும் போனது. அங்கே நின்றுவிட்டது. கோயம்புத்தூரில் படிக்கிற மகள் நினைவுக்கு வந்தாள். அவள் தினமும் பைக்கில் போகிறாள். போன மாதம் தனக்கு நெஞ்சைக் கரித்தது நினைவுக்கு வந்தது. கையை இழுத்துக்கொண்டார். ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த கை.

"வேண்டாம் மேடம்."

"சலோமி அக்காவைவிட உங்களுக்குத்தான் பெட்டி மேல நம்பிக்கை அதிகம் போல."

கிதியோனுக்குச் சுருக்கென்றது. "நீங்க எடுப்பீங்களா?"

எப்சிபா டப்பாவுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கொண்டுபோனார். மடக்கிக்கொண்டார்.

"எனக்கும் வரல" என்றார்.

டப்பாவை மூடி கிதியோனிடம் நீட்டினார். "போகும்போது இதையும் எடுத்துட்டுப் போங்க."

"இதை அவங்ககிட்ட காட்டவா? பயத்துலயே போயிருவாங்க."

"காட்டச் சொல்லல. எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொன்னேன்."

மறுநாள் சாயங்காலம் கிதியோன் பஸ் ஏறினார். டப்பா பைக்குள் இருந்தது. பையை மடியில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை. காலுக்கடியில் வைத்தார். வேத வசனத்தைக் காலுக்கடியில் வைப்பதா என்று உறுத்தியது. திரும்ப எடுத்து மடியிலேயே வைத்துக்கொண்டார். ஊர் வரும்வரை இதே பாடு.

சலோமி கட்டிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் யாரோ ஒரு பிரசங்கியார், ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சுகமானவரின் சாட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரிட்ஜ் கதவில் அந்த அட்டை ஒட்டியிருந்தது.

"வாங்க மாஸ்டர். அன்னைக்கு வாசல்ல செருப்பைக் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, என்ன, டிரில்லா?"

"பார்த்தீங்களாக்கா?"

"சன்னல்ல நின்னுக்கிட்டுதான் இருந்தேன். எம்புட்டு நேரம் நிக்காருன்னு பார்த்தேன்."

தங்கப்பழம் டீயைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகாமல் கதவோரமாக நின்றுகொண்டார்.

கிதியோன் தொண்டையைச் செருமினார். "அக்கா, விசுவாசத்தையும் மருத்துவத்தையும் நாம எதிரெதிரா நிறுத்தக் கூடாது. ரெண்டும்..."

"பரீட்சைல எழுதினதா?"

கிதியோன் நிறுத்திக்கொண்டார். போனில் பிரசங்கியார் அல்லேலூயா என்றார்.

"பையில என்னத்தை அப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க? முறுக்கு கிறுக்கு வாங்கிட்டு வந்தீங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என்ன பொய் என்றுதான் தோன்றவில்லை.

"வசனம்க்கா. வருஷப் பிறப்புக்குப் பெட்டியில போடாம விட்டது."

"ஏன் விட்டீங்க?"

"பயந்துட்டு."

"வேதத்துக்கா?"

"ஆமாக்கா. நேத்து இதுல ஒண்ணு எடுக்கச் சொன்னாங்க. எனக்குக் கை வரல. எங்க மேடத்துக்கும் வரல."

சலோமி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு போனை அணைத்தாள். வீடு சட்டென்று அமைதியானது. "அந்தக் கண்ணாடியை எடுங்க" என்றாள் புருஷனிடம்.

"அக்கா, வேண்டாம்."

அவள் டப்பாவை வாங்கி, ஒன்றை எடுக்காமல், அப்படியே மடியில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வாய் அசைய வாசித்தாள். தாங்கமாட்டாள், இப்போது உடைந்துவிடுவாள் என்று கிதியோனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மெழுகாக உருகினவனின் தாளை அவள் இரண்டாம் தடவையும் வாசித்தாள்.

"இது யாரு சொன்னது மாஸ்டர்?"

"ரொம்பப் பயந்துபோன ஒருத்தர்."

"கர்த்தர்கிட்டயேவா சொன்னாரு?"

"ஆமாக்கா."

"கோவிக்கலையா?"

"அதை வேதத்துலயேதான் வச்சிருக்கு."

சலோமி தாளை மடித்தாள். திரும்பப் பிரித்தாள்.

"எனக்குப் பயமாருக்கு மாஸ்டர்."

கதவோரம் நின்ற தங்கப்பழம் நிமிர்ந்தார்.

"மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்காமலே போயிருவேனோன்னு இருக்கு. எங்க சித்தி அப்படித்தான் போனா. இதைச் சபையில வாய்விட்டுச் சொல்ல முடியுமா? 'வசனம் வாங்கினவ நீயே பயப்படலாமா'ம்பாங்க. அதான் அந்த வசனத்தையே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

"ஏட்டி, என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார் தங்கப்பழம்.

"உங்ககிட்ட சொன்னா எனக்கு முந்தி நீங்க அழுவீங்க."

அவர் அப்போதே அழுதுகொண்டுதான் இருந்தார்.

சலோமி கிதியோன் பக்கம் திரும்பினாள். "பிழைப்பேனா மாஸ்டர்?"

பழைய குரல் கிதியோனின் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு வார்த்தை போதும், வீடே தெம்பாகிவிடும். அவர் அதை விழுங்கினார்.

"தெரியாதுக்கா."

"அப்ப அந்த வசனம்?"

"அதுவும் சாவுக்குப் பயந்து, தப்பி வந்த ஒருத்தர் பாடினதுதான். அவருக்கு அப்படி நடந்துச்சு. அவர் பொய் சொல்லல. உங்களுக்கு எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியல. உங்களுக்குன்னே வந்ததுன்னு நான் சொன்னது, தெரியாமச் சொன்னது."

சலோமி பிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். டீ ஆடை கட்டிவிட்டது.

"அது அங்கனயே இருக்கட்டும்" என்றாள் கடைசியில். பிறகு புருஷனிடம், "வெள்ளிக்கிழமைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கை மூடியே இருந்தது. நர்ஸ் பார்த்துவிட்டாள். "உள்ள தாள் கீள் எதுவும் கொண்டுபோகக் கூடாதும்மா."

சலோமி கையை விரித்து, மெழுகாக உருகினவனின் தாளைத் தங்கப்பழத்திடம் கொடுத்தாள். "மனப்பாடம் ஆயிட்டு" என்றாள். உதடு வெளுத்திருந்தது. கிதியோன் கூடவே நடந்தார். கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

எப்சிபா வந்தபோது கிதியோன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். தங்கப்பழம் சிவப்பு விளக்குக்கு நேர் கீழே, தாளை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். எப்சிபா பக்கத்தில் உட்கார்ந்தார். கதவு ஒரு தடவை திறந்தது. மூவரும் கதவை நெருங்கினார்கள். யாரோ ஒருவர் தட்டை எடுத்துக்கொண்டு போனார். மூவரும் மறுபடி அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

"மேடம்."

"சொல்லுங்கண்ணே."

"ஒண்ணு புரியல. அதே டப்பாதான். எனக்குக் கை வரல. உங்களுக்கும் வரல. அவங்க மடியில கொட்டி ஒண்ணு விடாம வாசிச்சாங்க. நம்மளவிட அவங்களுக்கு விசுவாசம் பெருசா?"

எப்சிபா சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நமக்கு என்ன வரப்போகுதோன்னு நாம உள்ள கையை விடப் பயந்தோம்."

"அவங்க?"

"அவங்க ஏற்கெனவே அதுக்குள்ளதான் இருந்தாங்க. கூட வேற யாரும் இருக்காங்களான்னு பார்த்தாங்க."