யானைத்திடலில் அகப்பட்ட காலி இடம்

வெண்ணாவல் பட்டணத்து ராஜா வீரகேதுவுக்கு மூன்று மாளிகைகள் இருந்தன. மூன்றிலும் படுத்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஆகவே நாட்டின் நன்மையை உத்தேசித்து நாலாவது ஒன்று கட்டத் தீர்மானித்தார். கஜானாவை எட்டிப் பார்த்தால் அடித்தரை பளிச்சென்று தெரிந்தது.

பிரதானி குணவீரர் உடனே வழி சொன்னார்.

“கோட்டைக்கு வெளியே யானைத்திடல் காலியாகக் கிடக்கிறது, மகாராஜா. வணிகர் மாசிலாமணி வாங்கிக்கொள்ளத் தயார். மதில் எழுப்பி நெல் கிடங்கு கட்டுவாராம். நல்ல விலை தருகிறார்.”

“அங்கே ஜனங்கள் யாரும் இல்லையே?”

“ஒரு குருவிகூட இல்லை.”

ராஜா அந்தத் திடலைக் கண்ணால் கண்டதில்லை. அந்தப் பக்கம் புழுதி அதிகம் என்று பல்லக்குத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டுதான் போவார். குருவி வரைக்கும் விசாரித்து வைத்திருக்கும் பிரதானி தமக்கு வாய்த்தாரே என்று பூரித்துப்போனார்.

கட்டளையை எழுத வேண்டியவர் அரண்மனையில் ஓலை எழுதும் மருதவாணர். ‘யானைத்திடலில் காலியாகக் கிடக்கும் நிலம் முழுவதும் வணிகர் மாசிலாமணிக்கு’ என்று பிரதானி சொன்னார். தினமும் அந்தத் திடலைக் கடந்துதான் மருதவாணர் அரண்மனைக்கு வருவார். ‘காலி’ என்ற சொல்லில் எழுத்தாணி நின்றது.

“மகாராஜா, அங்கே...”

“எழுதத்தானே உனக்குச் சம்பளம்? யோசிக்க ஆள் வேறே இருக்கிறார்,” என்றார் ராஜா. “மூன்று நாளில் நீயே அளந்து கொடுத்துவிடு. இல்லாவிட்டால் உன் வீட்டை அளந்து கொடுத்துவிடுவேன்.”

மருதவாணர் எழுதினார். எழுதிய கை மட்டும் வீடு போகிறவரைக்கும் கூசிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கயிறும் முளைக்குச்சியுமாகத் திடலுக்குப் போனார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நெசவாளர்கள் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். அவர்கள் சுருட்டிக்கொண்டு போவதற்குள் ஆடுமாடுகள் வந்து படுத்தன. மாடு எழுந்த இடத்தில் கீரைக்காரிகள் கடை பரப்பினார்கள். குச்சி அடிக்க ஒரு சாண் இடம் இல்லை. இரண்டாம் நாளும் அதே கதைதான்.

அம்மி கொத்தும் செங்கமலம் உளியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஐயா, ரெண்டு நாளாக் கயிறும் கையுமா சுத்துறீங்களே, என்ன சங்கதி?”

“திடல் காலி என்று எழுதி வித்தாச்சு அம்மா.”

“காலியா? எந்தக் குருட்டுப் பய எழுதினான்?”

“நான்தான்.”

செங்கமலம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “கண்ணு நல்லாத்தானே இருக்கு? அப்ப எழுதின நீங்களே ஒரு வழி பண்ணுங்க. இந்தப் பாறாங்கல்லை எல்லாம் தலையில தூக்கிக்கிட்டு நான் எங்கே போவேன்?”

வீடு போனால் போகட்டும் என்றுகூட மருதவாணருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் வீடு போனாலும் திடலும் சேர்ந்துதானே போகும்?

மூன்றாம் நாள், வேலை நடக்கிறதா என்று பார்க்கப் பிரதானியே திடலுக்கு வந்தார். அவரைக் கண்டதும் கீரைக்காரிகள் கூடையை இழுத்துக்கொண்டு விலகினார்கள். நெசவாளர்கள் பாவு நூலை நகர்த்தினார்கள். ஒரு காளைமாடுகூட எழுந்து அப்பால் போய்விட்டது. அத்தனை கூட்டத்திலும் அவரைச் சுற்றிப் பத்தடிக்கு வெட்டவெளி! அவர் நாலடி நடந்தார். வெட்டவெளியும் கூடவே நாலடி நடந்தது.

மருதவாணர் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

“அசையாமல் நில்லுங்கள், பிரதானி! இப்போதுதான் அளக்கத் தோதாக இருக்கிறது.”

பிரதானி மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அன்று சபையில் வணிகர் மாசிலாமணி முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

“அளந்தாயா?” என்றார் ராஜா.

“அளந்தேன், மகாராஜா. கட்டளையில் இருக்கிறபடி காலி நிலத்தை மட்டும் அளந்தேன். திடல் முழுக்கத் தேடி ஒரே ஒரு இடம் அகப்பட்டது. நாலு பக்கமும் பத்தடி.”

“பத்தடியா! மற்றதெல்லாம்?”

“மற்ற இடத்தில் தங்கள் பிரஜைகள் இருக்கிறார்கள். ஓர் ஆயிரம் பேர் தேறுவார்கள். குருவியும் நிறைய.”

ராஜா பிரதானியைத் திரும்பிப் பார்த்தார். பிரதானி மேலே கூரை உத்தரத்தைப் பார்த்தார்.

“சரி, அந்தப் பத்தடி எந்த மூலையில் இருக்கிறது?”

“மூலை சொல்ல முடியாது, மகாராஜா. அது நடமாடுகிறது.”

“நிலம் நடக்குமா? என்ன உளறுகிறாய்?”

“பிரதானி நின்றால் அதுவும் நிற்கிறது. அவர் நடந்தால் அதுவும் நடக்கிறது. ஜனங்களுக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை, பத்தடிக்குள் யாரும் வருவதில்லை. அவர் இல்லாவிட்டால் அந்தக் காலி இடமும் இல்லை. ஆகையால் வணிகருக்கு நிலம் வேண்டுமென்றால் பிரதானியையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். அவருக்கு என்ன விலை போடுவது என்று தாங்கள் உத்தரவு தந்தால் எழுதிவிடுவேன்.”

மாசிலாமணி பதறி எழுந்தார். நெல் கிடங்கு பத்தடியாகச் சுருங்கிய ஆத்திரத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

“அநியாயம், மகாராஜா! ஒரே ஆளை இரண்டு தரம் வாங்கச் சொன்னால் எப்படி?”

மாசிலாமணி வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் தாமதமாகத்தான்.

ராஜாவின் முகம் முதலில் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார். ராஜா சிரித்த பிறகு சபையும் தைரியமாகச் சிரித்தது.

கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி மருதவாணரிடம் கொடுத்தார். “யானைத்திடல் என்றைக்கும் விற்பனைக்கு இல்லை. எழுது!”

மருதவாணர் எழுத்தாணியை எடுத்தார். இந்த முறை அது எங்கேயும் நிற்கவில்லை. எழுதி முடித்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்.

“பிரதானியைப் பற்றி என்ன எழுதட்டும், மகாராஜா?”

“அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை? விற்றுப்போன சரக்கு. வாங்கியவர் கையோடு எடுத்துக்கொண்டு போகட்டும்!”