மூன்று பானைகளும் ஆமை அதிகாரியும்

நாவல் காட்டில் போன கோடையில் ஒரு தானியக் கிடங்கு எரிந்து சாம்பலானது. உடனே சிங்கராஜா ஓர் உத்தரவு போட்டார். கிடங்கு வைத்திருப்பவர்கள் வாசலில் மூன்று பானை தண்ணீர் வைக்க வேண்டும். ஆமை அதிகாரி நேரில் பார்த்து, ஆலிலையில் அனுமதி எழுதித் தருவார். அனுமதி இல்லாத கிடங்கை இழுத்து மூடிவிடுவார்கள்.

பெருச்சாளிக்கு ஒரு கடலைக் கிடங்கு இருந்தது. மழைக்காலம் முழுக்க அதன் குடும்பம் சாப்பிடுவது அந்தக் கடலையைத்தான். அது மூன்று பானைகள் வாங்கி, தண்ணீர் நிரப்பி வைத்தது. ஆமை வந்து பார்த்து அனுமதி கொடுத்தது.

ஆமை கிளம்பியதும் முள்ளம்பன்றி ஓடி வந்தது.

"அண்ணே, அடுத்து என் கிழங்குக் கிடங்குக்குத்தான் வர்றாரு. பானைங்களைக் கொஞ்சம் கொடுங்க. அவர் போனதும் திருப்பித் தந்துடறேன்."

"அவர் இப்பவே கிளம்பிட்டாரே?"

"அவர் நடக்கிற நடைக்கு, நான் பானையை வச்சுட்டு ஒரு குளியலே போட்டுடலாம்."

கையில்தான் அனுமதி வந்துவிட்டதே, இனிப் பானை எதற்கு என்று பெருச்சாளியும் கொடுத்துவிட்டது. முள்ளம்பன்றியிடமிருந்து பானைகள் குரங்கின் பழக் கிடங்குக்குப் போயின. அங்கிருந்து எங்கே போயின என்பது குரங்குக்கே சரியாகத் தெரியாது.

ஆமைக்கு ஒரே குழப்பம். பெருச்சாளியின் வாசலில் நடுப்பானைக்கு விளிம்பு உடைந்திருந்தது. முள்ளம்பன்றியின் வாசலிலும் அப்படியே. குரங்கின் வாசலிலும் அப்படியே.

"இதை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

"எல்லாம் ஒரே குயவர் செஞ்சதுங்க ஐயா" என்றது குரங்கு.

ஒரு குயவர் எல்லாருக்குமா உடைந்த பானையை விற்பார்? ஆமை யோசித்தது. யோசனையும் அதற்கு மெதுவாகத்தான் வரும். வயதாகிவிட்டது போல என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டது.

பத்து நாள் கழித்து, உச்சிவெயிலில், பெருச்சாளியின் கிடங்கிலிருந்து புகை கிளம்பியது. உள்ளே காய்ந்த கடலைக்கொடி பற்றிக்கொண்டது. பெருச்சாளி வாசலுக்கு ஓடியது. பானைகள் இருந்த இடத்தில் மூன்று வட்டத் தடங்கள்தான் இருந்தன.

முள்ளம்பன்றியிடம் ஓடியது. "குரங்குகிட்டக் கொடுத்தேனே, இன்னுமா வரல?"

குரங்கிடம் ஓடியது. "கரடி கேட்டுச்சு. இல்ல, நரியா? கரடி பேரைச் சொல்லி நரி வாங்கிட்டுப் போச்சுன்னு நினைக்கிறேன்."

நரி வீட்டில் இல்லை. கரடியோ, "எந்தப் பானை?" என்றது. பெருச்சாளிக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்றே புரியவில்லை.

கடைசியில் காட்டின் மறுகோடியில் மானின் வைக்கோல் கிடங்கு வாசலில் பானைகள் கிடைத்தன. ஆமையும் அப்போதுதான் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

"ஐயா, இது என் பானை! என் கிடங்கு எரியுது!"

ஆமை உடைந்த விளிம்பைப் பார்த்தது. பெருச்சாளியைப் பார்த்தது. "அப்போ எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றது வருத்தத்தோடு.

எல்லோரும் பானைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போய்ச் சேர்ந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. வாசலில் தொங்கிய அனுமதி இலையும் கருகிப் போயிருந்தது. மழைக்காலத்துக்கு என்ன செய்வது என்று பெருச்சாளி சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது.

அதிகாரியின் கண்ணுக்காக மட்டும் வைத்த பாதுகாப்பு, ஆபத்து வரும் நாளில் வேறு யார் வாசலிலோதான் இருக்கும்.