மூன்று எண்ணுவதற்குள்

ஒரு பெரிய ஏரியில் குமிழி என்ற முக்குளிப்பான் பறவை வாழ்ந்து வந்தாள். கைப்பிடி அளவுதான் இருப்பாள். வால் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு எதுவும் கிடையாது. தரையில் நாலடி எடுத்து வைப்பதற்குள் குப்புற விழுந்துவிடுவாள். ஆனால் தண்ணீருக்குள் முங்குவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த ஏரியில் ஆளில்லை. இங்கே தலையைக் கவிழ்ப்பாள், எங்கோ அல்லி இலைகளுக்கு நடுவில் எழுவாள். அலகில் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருக்கும்.

அவளுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். கோரைப் புதரில் வாழும் நீலத்தாழைக்கோழி. பெயர் செம்மூக்கன். நீல உடம்பும் சிவப்பு அலகுமாகப் பார்க்க ஜோராக இருப்பான். நீண்ட விரல்களை விரித்து அல்லி இலைகள் மேல் டக் டக்கென்று நடந்து போவான். அவனுக்கு முங்க மட்டும் தெரியாது.

இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பெரியவர்கள் பேச்சில் கலந்துகொண்டால், "சின்னப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?" என்பார்கள். குஞ்சுகளோடு விளையாடப் போனால், "இவ்வளவு வளர்ந்தும் விளையாட்டா?" என்பார்கள். எந்தப் பக்கமும் சேராத வயது அது. ஒருநாள் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிக் கூட்டம், "வாலில்லாதவளே!" என்று குமிழியைக் கேலி செய்தது. செம்மூக்கன் கோரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"வால் இருக்கிற நீங்க என்னத்தைக் கிழிச்சுட்டீங்க?" என்று கேட்டான்.

நாமக்கோழிகள் திரும்பி நீந்திப் போயின. அன்றிலிருந்து குமிழியும் செம்மூக்கனும் இணைபிரியாத சிநேகிதர்கள் ஆனார்கள்.

ஒருநாள் குமிழி ஒரு கெண்டையைத் துரத்திக்கொண்டு நெடுநேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிட்டாள். மேலே வந்து பார்த்தால் செம்மூக்கன் இலைகள் மேல் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தான்.

"எங்க போன? செத்துட்டியோன்னு நினைச்சேன்!"

"மீன் பிடிக்கத்தானே போனேன்?"

"என் தங்கச்சியும் இப்படித்தான். குஞ்சா இருக்கும்போது தண்ணியில காலை வச்சா. ஒரு விரால் இழுத்துட்டுப் போயிடுச்சு. அப்புறம் வரவே இல்ல."

குமிழியின் மனம் இளகிவிட்டது. பாவம், இவனை இப்படித் தவிக்க விட்டோமே என்று அவளுக்குத் துக்கமாக இருந்தது.

"இனிமே சீக்கிரமா வந்துடறேன்," என்றாள்.

"எவ்வளவு சீக்கிரமா?"

"நீயே சொல்லு."

"நான் இருபது எண்ணுறதுக்குள்ள."

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. குமிழி முங்கினால் செம்மூக்கன் உரக்க எண்ணுவான். இருபதுக்குள் அவள் தலை தெரிந்தால் முகம் மலர்வான். இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள், "இருபது ரொம்ப ஜாஸ்தி. பதினைஞ்சு ஆகும்போதே எனக்கு மூச்சு முட்டுது," என்றான். பத்து ஆயிற்று. ஒரு வாரம் கழித்து, "உண்மையான சிநேகிதின்னா அஞ்சுக்குள்ள வருவா," என்றான். ஐந்தும் ஆயிற்று. மழை விட்ட ஒரு காலை, காரணம் எதுவும் சொல்லாமலே மூன்று என்றான்.

மூன்று எண்ணுவதற்குள் எந்த மீனைப் பிடிப்பது? குமிழி தண்ணீருக்குள் போனதும் அவளும் எண்ணத் தொடங்கிவிடுவாள். மூக்குக்கு நேராக மீன் போகும். அவளோ 'இரண்டு' என்று எண்ணிக்கொண்டே மேலே திரும்புவாள். வெறும் அலகோடு எழுந்து செம்மூக்கனின் முகத்தைப் பார்ப்பாள். முகம் சரியாக இருந்தால் அப்பாடா என்று இருக்கும். சரியாக இல்லாவிட்டால் அன்று முழுக்க அவனைச் சமாதானம் செய்ய வேண்டும். உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை, கண்ணை மூடினாலும் கால்கள் உதைத்துக்கொண்டே இருந்தன.

பட்டுப்போன கருவேலங்கிளையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மீன்கொத்தி ஒருநாள் கேட்டாள்.

"ஏய் குமிழி, வயிறார எப்ப சாப்பிட்ட?"

குமிழி யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

"அவன் பயப்படறான்," என்றாள்.

"அவன் பயத்தைக் கேக்கல. உன் வயித்தைக் கேட்டேன்."

குமிழிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கென்ன தெரியும் எங்க சிநேகிதத்தைப் பத்தி!" என்று சொல்லிவிட்டு விருட்டென்று நீந்திப் போய்விட்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

இதற்கிடையில் அந்த ஏரிக்கு ஒரு பூனைப்பருந்து வந்து சேர்ந்தது. முக்குளிப்பானைப் பிடிப்பது எந்தப் பருந்துக்கும் லேசான காரியமில்லை. எங்கே எழும், எப்போது எழும் என்று யாருக்குத் தெரியும்? பூனைப்பருந்துக்குத் தெரிந்தது. அதுதான் தினமும் ஒருவன் ஊருக்கே கேட்கும்படி எண்ணுகிறானே!

அன்று குமிழி முங்கினாள்.

"ஒண்ணு! ரெண்டு!" என்று செம்மூக்கன் எண்ணினான். பருந்து தாழ்வாக வந்து தண்ணீருக்கு மேலேயே நின்றது. "மூணு!"

குமிழி தலையைத் தூக்கியதும் கூரிய நகங்கள் அவள் முதுகில் உரசின. அவள் மீண்டும் தண்ணீருக்குள் பாய்ந்தாள். முதுகில் இருந்து ஒரு கொத்து இறகு போயிற்று. உயிர் மட்டும் தப்பியது.

மேலே பருந்து சிரித்தது. "ரொம்ப நன்றி, தம்பி! நாளைக்கும் இதே மாதிரி சத்தமா எண்ணு! மத்ததை நான் பாத்துக்கறேன்!"

கோரை ஓரமாக எழுந்த குமிழியிடம் செம்மூக்கன் ஓடி வந்தான். "பாத்தியா! இதுக்குத்தான் சொல்றேன், முங்கவே முங்காதேன்னு! என் பக்கத்துலயே இரு!"

குமிழி அவனையே பார்த்தாள். பருந்து சொன்னது அவனுக்கும் கேட்டிருக்கும். கேட்டும் இப்படிப் பேசுகிறான். அவளுக்கு அழுகை வந்தது. கூடவே, வெகு நாளுக்குப் பிறகு, தெளிவும் வந்தது.

மறுநாள் காலை அவனிடம் சொல்ல வேண்டியதை முதலில் ஒரு கெண்டைக் குஞ்சிடம் சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். பிறகு கெண்டைக் குஞ்சைத் தின்றுவிட்டு நேரே செம்மூக்கனிடம் போனாள்.

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நீ பயப்படறதும் எனக்குப் புரியுது. ஆனா இனிமே நான் எண்ணிக்கைக்கு முங்க மாட்டேன். எனக்குப் பசிக்குது, செம்மூக்கா."

"அப்ப நான் உனக்கு முக்கியம் இல்ல!"

"முக்கியம்தான்."

"முக்கியம்னா முங்காதே!"

"முங்கலன்னா நான் முக்குளிப்பானே இல்ல!"

செம்மூக்கனின் முகம் இருண்டது. அவன் விறுவிறுவென்று நடந்து, கோரையைத் தாண்டி, வெட்டவெளிச் சேற்றின் நடுவில் போய் நின்றான். அங்கே ஒளிய ஒரு புல்கூடக் கிடையாது.

"இங்கேயே நிப்பேன்! பருந்து தூக்கிட்டுப் போகட்டும்! நான் உனக்கு வேணும்னா நீயே இங்க வந்து என்னைக் கூட்டிட்டுப் போ!"

குமிழி யோசிக்கவே இல்லை. கரையேறினாள். ஓரடி, ஈரடி. கால்கள் பின்னிக்கொண்டு சேற்றில் விழுந்தாள். வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச தூரம் போனாள். அப்போது சேற்றின் மேல் ஒரு நிழல் ஓடியது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பூனைப்பருந்து ஒரு வட்டம் அடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

தரையில் அவளால் ஓட முடியாது. அவனைக் காப்பாற்றவும் முடியாது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் முடியாது. இரண்டு பேராகச் சாவதுதான் நடக்கும். இது தனியாளாகத் தாங்குகிற பாரமில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

உடம்பைத் திருப்பிச் சறுக்கித் தண்ணீரில் விழுந்தாள். ஏரியே அதிரும்படி செம்மூக்கனின் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"அத்தை! செம்மூக்கன் வெட்டவெளியில நிக்கிறான்! வர மாட்டேங்கிறான்! பருந்து வருது! எல்லாரும் வாங்க!"

"காட்டியா குடுக்கற?" என்று செம்மூக்கன் அலறினான்.

"ஆமா! நீ உயிரோட இருந்து என்கிட்ட கோவிச்சுக்கோ!"

கோரை பிளந்தது. செம்மூக்கனின் அம்மா முதலில் வந்தாள். பின்னால் அவன் அண்ணன்மார், சித்திமார் என்று ஏழெட்டுத் தாழைக்கோழிகள் கத்திக்கொண்டு ஓடி வந்தன. அன்று கேலி செய்த நாமக்கோழிகள்கூடச் சும்மா இருக்கவில்லை. ஒன்றாகக் கூடிச் சிறகால் தண்ணீரை வாரி அடித்தன. கண்ணில் தண்ணீர் தெறித்ததில் பருந்து தடுமாறியது. அம்மா செம்மூக்கனைத் தன் உடம்பால் மறைத்துக் கோரைக்குள் தள்ளிக்கொண்டு போனாள்.

பருந்து குமிழி பக்கம் திரும்பியது. அவள் முங்கினாள். பருந்து பழக்கப்படி மூன்றுக்காகக் காத்திருந்தது. யாரும் எண்ணவில்லை. அது பார்த்தது, இன்னும் பார்த்தது. ஏரியில் நூறு அல்லி இலைகள் இருந்தன. அதில் ஒன்றின் அடியில் ஒரு சின்ன அலகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பருந்து பார்க்கவில்லை.

"சே! ஒண்ணும் தெரியாத இடத்துல என்னத்தைப் பிடிக்கறது!" என்று சலித்துக்கொண்டு அது வேறு ஏரிக்குப் பறந்து போனது.

செம்மூக்கன் ஒன்பது நாள் குமிழியோடு பேசவில்லை. குமிழியின் மனம் அடித்துக்கொண்டது. தினமும் கோரை ஓரமாக ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஆனால் கெஞ்சவில்லை. மீன்கொத்தியிடம், "அன்னைக்குக் கோவமாப் பேசிட்டேன்," என்றாள். "போடி, வந்து சாப்பிடு," என்றாள் மீன்கொத்தி. அந்த ஒன்பது நாளும் குமிழி வயிறார மீன் தின்றாள். அவள் முதுகில் புது இறகு அரும்பியது.

கோரைக்குள் செம்மூக்கனின் அம்மா அவன் பக்கத்திலேயே இருந்தாள். தங்கச்சியைப் பற்றி அவன் அதுவரை வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசினான். அம்மாவும் பேசினாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

பத்தாம் நாள் அவனாகவே அல்லி இலைகள் மேல் நடந்து வந்தான்.

"நான் பண்ணினது தப்பு," என்றான். "உன்னைப் பட்டினி போட்டேன். அன்னைக்குச் சேத்துல நின்னு உன்னை மிரட்டினேன். இனிமே அப்படிச் செய்ய மாட்டேன். ஆனா குமிழி, நீ முங்கினா இப்பவும் எனக்குப் பயமா இருக்கு."

"பயம் வந்தா என்ன பண்ணப் போற?"

"அம்மாகிட்ட சொல்லுவேன். இல்லேன்னா கிழங்கு தோண்டுவேன்."

"நல்லது. நான் போயிட்டு வரட்டுமா?"

செம்மூக்கன் கிழங்கு தோண்டக் கோரைப் பக்கம் திரும்பினான். "போயிட்டு வா."

குமிழி முங்கினாள். எண்ணிக்கை இல்லாத தண்ணீர் எவ்வளவு பெரியதாக இருந்தது! மீன்கள் மீன்களாகத் தெரிந்தன. ஒன்றைத் துரத்தினாள், விட்டாள், இன்னொன்றைப் பிடித்தாள். ஆற அமர மேலே வந்தாள்.

செம்மூக்கன் முகமெல்லாம் சேறாக ஒரு பெரிய கோரைக்கிழங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"எண்ணினியா?" என்று கேட்டாள் குமிழி.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "வந்துட்டியா! மனசுக்குள்ள பதினேழு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் இந்தக் கிழங்கு கிடைச்சுது. மறந்துட்டேன்!"

குமிழி சிரித்தாள். அவன் பாதிக் கிழங்கை அவள் பக்கம் தள்ளினான். அவள் கிழங்கு தின்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் தள்ளினான்.

நண்பர் கண்ணில் படாதபோதும் திரும்பி வருவார் என்று நம்பி அவரைப் போக விடவும், தாங்க முடியாத பயத்தை அவர் ஒருவர் தலையில் ஏற்றாமல் நாலு பேரிடம் சொல்லவும் கற்றுக்கொண்டால்தான் நட்பு நிலைக்கும்.