நாலு ஜிபி கல்யாண பேனர்

கோவில்பட்டி ஃப்ளெக்ஸ் கடையில் மாரிக்கனி காலையில் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்தால், அது மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கண் விழிக்கும்.

“பதினாறு ஜிபி மெமரி போடுங்க அண்ணாச்சி” என்று கேட்டாள்.

“நாலே தாராளம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்! எம்மக கல்யாண பேனர் சாயங்காலம் நிக்கணும். இல்லே, வேற கடை பாத்துக்க” என்றார் முதலாளி தங்கப்பழம்.

பேனரில் சொந்தபந்தம் அறுபது முகம். கடைசி இரண்டு முகம் பாக்கி இருக்கையில் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது.

அந்நேரம் தங்கப்பழத்தின் மச்சினனும் சம்பந்தியும் பேனர் பார்க்க வந்து நின்றார்கள். மாரிக்கனி பவ்யமாகக் கேட்டாள்:

“அண்ணாச்சி, நாலு ஜிபியில இன்னும் ஒரே முகத்துக்குத்தான் இடமிருக்கு. மச்சினரை வைக்கவா, சம்பந்தியை வைக்கவா?”

இருவரும் தங்கப்பழத்தையே பார்த்தார்கள்.

அவர் செருப்புகூடப் போடாமல் ஓடி, முப்பத்திரண்டு ஜிபி வாங்கி வந்தார்.

“பதினாறு போதுமே அண்ணாச்சி.”

“பேசாம மாட்டு. சித்தப்பாமாரு வந்துக்கிட்டிருக்காக.”