சுண்ணாம்பு பட்டதும் சாட்சி சொன்ன உரம்

முன்னொரு காலத்தில், ஒரு கத்தரிக்காயால் தூக்கம் கெட்ட ராஜா ஒருவர் இருந்தார். யார் சொன்னது என்று மட்டும் கேட்காதீர்கள். வெளியில் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்திருக்கிறேன்.

ராஜாவின் பெயர் மகுடேசுவரர். பக்கத்து நாட்டை ஆண்ட அவருடைய மைத்துனர், பச்சைக்குழந்தை அளவில் ஒரு கத்தரிக்காயைப் பல்லக்கில் ஏற்றி அனுப்பிவைத்தார். கத்தரிக்காய்க்குப் பல்லக்கு! ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"மைத்துனன் விருந்துக்கு வருவதற்குள் இதைவிடப் பெரியது நம் தோட்டத்தில் காய்க்க வேண்டும்!" என்று உத்தரவிட்டு, தாமே யூரியாவை அள்ளி அள்ளிக் கொட்டினார். செடி தோள் உயரம் வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் முறம்போல இருந்தது. பூ? பேருக்குக்கூட இல்லை.

அரசவை விகடகவி மயிலேறிக்கு வாய் சும்மா இருக்காதே. "மன்னா, யூரியாவில் இருப்பது தழைச்சத்து. தழைதான் வரும். வேர் ஓடிப் பூவெடுக்க மணிச்சத்து வேண்டும், அதற்கு டி.ஏ.பி. போட வேண்டும். காய் பருக்கச் சாம்பல்சத்து வேண்டும்; அதற்குப் பொட்டாஷ் இருக்கிறது."

"இவ்வளவு தெரிந்த நீயே போடு" என்று ராஜா தோட்டத்தை அவன் தலையில் கட்டினார்.

உரக் களஞ்சியத்தின் தலைவர் அதிவீரப்பர். மயிலேறி பேசி ராஜா சிரித்தால் இவருக்கு வயிறு எரியும். அவர் களஞ்சியத்திலிருந்து டி.ஏ.பி. மூட்டைகள் வந்தன. மயிலேறி போட்டான், தண்ணீர் பாய்ச்சினான். நாட்கள் போயும் கரையவே இல்லை. பாத்தி முழுக்கக் கறுப்புக் கல் குருணை!

"ஐயோ மன்னா! நல்ல உரத்தை விற்றுத் தின்றுவிட்டுக் கல்லைக் கொட்டியிருக்கிறான்" என்று மார்பில் அடித்துக்கொண்டார் அதிவீரப்பர். சபையே வாயைப் பிளந்தது.

இதே சமயம் அதிவீரப்பர் வீட்டுக் கொல்லையில் புடலைப் பந்தல் கொள்ளாமல் பூத்திருந்தது. கேட்டால், "எல்லாம் என் மனைவியின் கைராசி" என்பார். அந்த அம்மாள் பந்தல் பக்கம் போனதை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"என் களஞ்சியத்திலிருந்து நல்ல உரம்தான் போனது. இல்லையென்றால் அந்த டி.ஏ.பி.யே வந்து சாட்சி சொல்லட்டுமே!" என்றார் அதிவீரப்பர்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "நல்ல யோசனை. மயிலேறி, நாளைக்கு அந்த உரம் இங்கே பேச வேண்டும். பேசாவிட்டால் குடும்பத்தோடு நீ எல்லை தாண்ட வேண்டும்!"

மயிலேறியின் மனைவி செண்பகவடிவு அழுதுகொண்டே பாத்திரங்களைக் கட்டினாள். "உரத்துக்கு ஏதுங்க வாய்?"

"இல்லாவிட்டால் இரவல் வாங்கிக்கொள்ளலாம். நீ வெற்றிலையும் சுண்ணாம்பும் எடுத்து வை" என்றான் அவன்.

மறுநாள் விடிந்ததுமே சபை கூட வேண்டுமென்று மயிலேறி அனுமதி வாங்கியிருந்தான். சேவகன் போய்க் கூப்பிட்டபோது அதிவீரப்பர் பந்தலடியில் குந்தியிருந்தாராம். கையை அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாய்ப் போனார்.

சபையில் மயிலேறி எல்லார் கையிலும் பன்னீர் தெளித்தான். "வழக்கு நீளும், பெரியோர்களே. தாம்பூலம் தரியுங்கள்" என்று தட்டை நீட்டினான். அதிவீரப்பர் சுண்ணாம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் குழைத்து, வெற்றிலையில் தடவினார்.

குப்பென்று எழுந்தது ஒரு நெடி! குதிரை லாயத்து மூத்திர நெடி. பக்கத்தில் இருந்த சேனாதிபதி துள்ளி எழுந்தார். புரோகிதர் மூக்கைப் பொத்தினார். திரைக்குப் பின்னால் ராணி, "அடக் கண்றாவியே!" என்றாள்.

ராஜா அதிர்ந்துபோனார். "அதிவீரப்பரே... இந்த வயதிலா? அதுவும் சபையிலா?"

"பயந்துவிட்டார் பாவம். மாற்று வேட்டி கொண்டு வாருங்கள்!" என்று மயிலேறி குரல் கொடுத்தான்.

சேவகன் நிஜமாகவே வேட்டியோடு ஓடி வந்தான். அத்தனை கண்களும் அதிவீரப்பரின் மடியை மொய்த்தன. மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. மானம் போகிறதே!

"ஐயையோ, இது அது இல்லை! வேட்டி காய்ந்துதான் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள்! இது டி.ஏ.பி. நெடி, மன்னா! சுண்ணாம்பு பட்டால் இப்படித்தான் அடிக்கும். காலையில் பந்தலுக்குப் போட்டேன், கையில் ஒட்டியிருக்கிறது!"

தாம் என்ன சொன்னோம் என்பது அதிவீரப்பருக்கே அப்போதுதான் உறைத்தது.

மயிலேறி, பாத்தியில் கிடந்த கல் குருணையையும் சுண்ணாம்பு வைத்துத் தேய்த்துக் காட்டினான். ஒரு வாசமும் இல்லை. "டி.ஏ.பி.யில் மணிச்சத்தோடு தழைச்சத்தும் உண்டு, மன்னா. பன்னீர் ஈரத்தில் சுண்ணாம்பு பட்டால் அந்தத் தழைச்சத்துதான் நெடியாகக் கிளம்பும். களஞ்சியத்து உரம் அவர் பந்தலுக்குப் போயிருக்கிறது, உங்கள் பாத்திக்கு வந்தது கல். உரத்துக்கு வாய் இல்லை. அவர் வாயால் சாட்சி சொல்லிவிட்டது."

ராஜாவுக்குச் சிரிப்பு வர ஒரு நொடி பிடித்தது. வந்த பிறகு நிற்கவில்லை. கிரீடம் உருண்டு புரோகிதர் காலடியில் விழுந்தது. கழுத்து முத்துமாலையை மயிலேறிக்குப் போட்டார். புடலைப் பந்தலையும் அவனுக்கே கொடுத்தார். ஒளித்துவைத்த மூட்டைகளை அதிவீரப்பர் தம் தோளில் சுமந்து வந்து கத்தரிப் பாத்தியில் போட்டார். பூ வந்தது; பொட்டாஷ் போட்டதும் காயும் பருத்தது. மைத்துனர் காயைவிடப் பெரிது என்கிறார் ராஜா. நான் அளந்து பார்க்கவில்லை.

அதிவீரப்பர் இப்போதும் வெற்றிலை போடுகிறார். சுண்ணாம்பு மட்டும் தொடுவதில்லை. கேட்டால், நாக்கு வெந்துவிட்டதாம்.