பசை காயும்வரை

"பெட்டியில வந்ததிலேயே தப்பு இருக்கு, டீச்சர்," என்றார் தேவநேசன். "இடது இறக்கை உட்காரவே மாட்டேங்குது. அளவெடுக்காம வெட்டியிருக்கான்."

மெஹ்ரூன் விமானத்தின் உடம்பைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இறக்கை செருகும் பள்ளத்துக்குள் சுண்டுவிரலை விட்டு நகத்தால் சுரண்டினார்.

காய்ந்த பசைத் துளி ஒன்று, மிளகளவு, மேசையில் விழுந்தது.

இறக்கை உட்கார்ந்தது.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் பசை போட்டவர் தேவநேசன்தான்.

மெஹ்ரூன் விமானத்தை அவரிடம் கொடுத்தார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

*

கோவை கணபதியில் ஒரு பெயின்ட் கடையின் மேல்மாடியில் அந்த வகுப்பு நடந்தது. சனிக்கிழமைதோறும் நாலைந்து பேர் வருவார்கள். ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களை அங்கே சேர்த்துக் கட்டக் கற்றுக்கொள்ளலாம்.

மெஹ்ரூனுக்கு முப்பத்திரண்டு வயது. விமானப் பொறியியல் படித்தவர். வேலை கிடைக்காத இரண்டு வருடத்தில் இதைத் தொடங்கினார். பிறகு வேலை தேடவில்லை.

தேவநேசனுக்கு ஐம்பத்தைந்து. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் சூப்பர்வைசர். ஆறு மாதமாக ஆபீசில் உட்கார்ந்து காகிதம் பார்க்கும் வேலை. அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கியவர்.

அவர் வாங்கியிருந்தது மூன்றடி நீள வெள்ளை ஜெட். தெர்மாகோல் மாதிரி லேசான உடம்பு. வயிற்றில் ஒரு குழாய், அதற்குள் உள்ளங்கையளவு விசிறி. பேட்டரி விசிறியைச் சுழற்றும். பின்னால் பீறிடும் காற்று விமானத்தை முன்னே தள்ளும்.

"இதை எதுக்கு வாங்கினீங்க?" என்று முதல் நாள் மெஹ்ரூன் கேட்டார்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது," என்றார் தேவநேசன்.

*

அவர் ஒவ்வொரு திருகையும் முடுக்கினார். மறுபடி முடுக்கினார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முடுக்கினார்.

"ஏன் மறுபடியும்?" என்றார் மெஹ்ரூன்.

"சரியா இருக்கான்னு பார்க்கிறேன்."

"இருக்கா?"

"இருக்கு."

"அப்ப?"

தேவநேசன் திருப்புளியைக் கீழே வைத்தார். மெஹ்ரூன் நகர்ந்ததும் இன்னொரு தரம் முடுக்கினார். திருகு வழுக்கிக்கொண்டு வெறுமனே சுற்றியது. பிடிமானம் போய்விட்டது.

மெஹ்ரூன் திரும்பி வந்தார். பல்குத்தும் குச்சி ஒன்றைப் பசையில் தோய்த்து அந்தத் துளைக்குள் செருகி, நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டிவிட்டார்.

"அடுத்த வாரம் முடுக்கலாம். ஒரு தடவை."

*

இறக்கையின் இரண்டு பாதிகளையும் ஒட்டும் நாள் வந்தது.

மெஹ்ரூன் பசையைக் குழைத்துத் தடவிக் கொடுத்தார். "ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க. இருபது நிமிஷம். கையை எடுத்தா கோணிக்கும்."

தேவநேசன் பிடித்தார். அன்று மழை; வேறு யாரும் வரவில்லை. மெஹ்ரூன் எதிரே உட்கார்ந்து வேறொரு விமானத்தின் ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து தேவநேசன் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"ஆறு மாசத்துக்கு முன்னால ஒரு அபார்ட்மென்ட்ல லிஃப்ட் சறுக்கிடுச்சு, டீச்சர். ஒரு அம்மா காலை வெளியே வைக்கும்போது. கணுக்கால் நொறுங்கிப் போச்சு."

மெஹ்ரூன் ஒயரைக் கீழே வைத்தார்.

"பிரேக் கட்டை தேஞ்சிருந்தது. அப்புறம் ஏறிப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சது; வெளியே சொல்லல. மொட்டைமாடிக்கு மேல மெஷின் ரூம். மாசாமாசம் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். அது என் வேலை. விபத்துக்கு நாலு நாள் முன்னாலதான் போட்டேன்."

"பார்த்தீங்களா?"

"ஏறல. அன்னைக்கு மூணு கட்டடம் பாக்கி இருந்தது. கீழேயே நின்னு போட்டுட்டேன்."

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது.

"என்கூட சின்னராசுன்னு ஒரு மெக்கானிக். அந்த பிரேக்கை முன்னால முடுக்கி வெச்சது அவன். கட்டை நல்லா இருக்குன்னு நான் எழுதியிருக்கேன் இல்லையா? அப்ப கட்டை மேல தப்பு இல்ல, முடுக்கினவன் மேலதான் தப்புன்னு முடிவு பண்ணிட்டாங்க. அவனை வேலையை விட்டு எடுத்தாங்க. இப்போ காய்கறி மார்க்கெட்ல மூட்டை தூக்கறான்."

"சின்னராசு என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல." தேவநேசனின் குரல் தாழ்ந்தது. "'நீங்க பார்த்தேன்னு சொன்னா பார்த்திருப்பீங்க சார். அப்ப நான்தான் சரியா முடுக்கல போல'ன்னான்."

தேவநேசன் இறக்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"நான் என்ன பண்ணட்டும், டீச்சர்?"

மெஹ்ரூன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு. பிடிச்சுட்டே இருங்க."

*

மூன்று மாதத்தில் ஜெட் தயாரானது.

பறக்கவிடும் இடம் நகரத்துக்கு வெளியே, யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய தார்ச்சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஒரு பொறியியல் கல்லூரியிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார். மாணவர்களுக்கு இந்தக் கலையைச் சொல்லிக்கொடுக்க அவர்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மெஹ்ரூனுக்கு அந்த வேலை தேவைப்பட்டது; வகுப்பில் வரும் பணம் மேல்மாடி வாடகைக்கே காணவில்லை.

தேவநேசனுக்கு இன்னும் ஓட்டத் தெரியாது. முதல் பறப்பை டீச்சரே ஓட்டுவதாகப் பேச்சு. ரிமோட்டும் டீச்சருடையதுதான்.

தேவநேசன் விமானத்தின் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "டீச்சர், ரிமோட் குச்சியை இழுங்க. வால் தட்டு மேலே போகுதா கீழே போகுதான்னு பார்த்துடறேன்."

"பார்த்தாச்சு," என்றார் மெஹ்ரூன். "எந்திரிங்க. வெயில் ஏறினா காத்து மாறிடும்."

தேவநேசன் எழுந்து ஒதுங்கினார்.

விசிறி சீறியது. வெள்ளை ஜெட் தார்மீது ஓடியது. ஓட ஓட வேகம் கூடியது. ஒரு சின்னக் குலுக்கலோடு தரையை விட்டது. யாரோ கைதட்டினார்கள்.

மெஹ்ரூன் அதை மேலே ஏற்றக் குச்சியை இழுத்தார்.

விமானம் மூக்கைக் கீழே குத்தியது. இன்னும் இழுத்தார். அது இன்னும் குத்தியது.

கைதட்டியவர் கையை இறக்குவதற்குள் முடிந்துவிட்டது.

*

எல்லோரும் ஓடினார்கள். மூக்கு நசுங்கியிருந்தது. இறக்கை இரண்டாகப் பிளந்திருந்தது. ஒட்டிய இடத்தில் அல்ல, அதற்குப் பக்கத்தில். விசிறிக் குழாய் தனியாகக் கிடந்தது.

"சிக்னல் கட்டாயிருக்கும்," என்றார் ஒருவர்.

"இந்த பேட்டரியெல்லாம் நம்பவே முடியாதுங்க," என்றார் இன்னொருவர்.

தேவநேசன் கல்லூரிக்காரரைப் பார்த்தார். அவர் குனிந்து நசுங்கிய மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேவநேசன் மெஹ்ரூன் பக்கம் திரும்பினார். மெஹ்ரூன் அசையாமல் ரிமோட்டின் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்துதான்," என்றார் தேவநேசன் உரக்க. "நான் பார்த்துட்டே இருந்தேன். குறுக்கே திடீர்னு ஒரு காத்து."

"ஆமாமா," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மெஹ்ரூன் தலை நிமிர்ந்தார். "காத்து இல்ல."

ரிமோட்டின் திரையை எல்லோரும் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தார். அதில் வேறொரு விமானத்தின் பெயர் இருந்தது.

"போன வாரம் ஓட்டின விமானத்தோட அமைப்பு இதுல அப்படியே இருக்கு. அதுக்கு வால் தட்டு தலைகீழா வேலை செய்யும். மாத்தாம ஏத்திட்டேன். அதான் மேலே இழுத்தா கீழே போச்சு."

மெஹ்ரூன் தேவநேசனைக் காட்டினார்.

"இவர் சோதிக்கணும்னு கேட்டார். பார்த்தாச்சுன்னு சொன்னேன். நான் பார்க்கல." தேவநேசன் பக்கம் திரும்பினார். "உங்க விமானத்துல ஒரு குறையும் இல்ல. தப்பு என்னுது."

கல்லூரிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாங்க கலந்து பேசிட்டுச் சொல்றோம் மேடம்," என்றார். அவருடைய கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

*

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். மெஹ்ரூனும் தேவநேசனும் குனிந்து குனிந்து வெள்ளைத் துண்டுகளைச் சாக்குப்பையில் பொறுக்கிப் போட்டார்கள்.

"சொல்லாம இருந்திருக்கலாம்," என்றார் தேவநேசன். "ஒரு பட்டனை அமுக்கியிருந்தா பேர் மாறியிருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?"

மெஹ்ரூன் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"காத்துன்னு நானே சொன்னேனே. அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கலாமே."

"அப்புறம் நீங்க வீட்டுக்குப் போய் ராத்திரியெல்லாம் உங்க திருகையே நினைச்சுட்டு இருப்பீங்க."

தேவநேசன் கையிலிருந்த துண்டைப் பையில் போடவில்லை.

அதைக் கையில் திருப்பியபடி கேட்டார்: "எப்படி டீச்சர் அவ்வளவு சுலபமா சொன்னீங்க?"

மெஹ்ரூன் நிமிர்ந்தார். இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினார்.

விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மெஹ்ரூன் அவற்றை நிறுத்த முயலவில்லை. மறைக்கவும் இல்லை.

*

தேவநேசன் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறவில்லை. மார்க்கெட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. லாரிகள் காலியாகி நின்றன. சின்னராசு ஒரு வெங்காய மண்டியின் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தேவநேசனைக் கண்டதும் பொட்டலத்தை மூடிவிட்டு எழுந்தார்.

"வாங்க சார். என்னங்க சார் இவ்வளவு தூரம்?"

"நீ சாப்பிடு."

"இருக்கட்டும் சார். சொல்லுங்க."

பஸ்ஸில் வரும்போது தேவநேசன் பேச வேண்டியதை எல்லாம் வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தார். அன்று மூன்று கட்டடம் பாக்கி இருந்தது. மேலே ஏணி சரியில்லை. முழங்கால் வலி. எல்லாம் உண்மைதான்.

எதையும் சொல்லவில்லை.

"சின்னராசு, அன்னைக்கு நான் மேலே ஏறல. கட்டையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். அது தேஞ்சிருந்தது. நீ முடுக்கினதுல தப்பே இல்ல."

சின்னராசு அவர் முகத்தையே பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். என் வேலை போனாலும் போகும். முதல்ல உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். எட்டு ஒம்பது மாசம் கழிச்சு வந்திருக்கேன்."

ஒரு தள்ளுவண்டி அவர்களுக்கு நடுவில் வந்தது. இருவரும் விலகி வழிவிட்டார்கள். வண்டி போன பிறகும் சின்னராசு விலகிய இடத்திலேயே நின்றார்.

திட்டுவார் என்று தேவநேசன் நினைத்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார்.

சின்னராசு மெதுவாகத் துண்டின் மேல் உட்கார்ந்தார்.

"போன மாசம் எம் பொண்ணுக்குப் பிரசவம் ஆச்சுங்க சார்," என்றார். "பையன். ஆஸ்பத்திரியில அஞ்சாவது மாடி. வீட்ல எல்லாரும் லிஃப்ட்ல போனாங்க. நான் மட்டும் படியில ஏறினேன்."

"ஏன்?"

"அதையும் என்னை மாதிரி ஒருத்தன்தானே முடுக்கியிருப்பான்."