ஒரே வாயின் இரண்டு சொற்கள்

இக்கதை மூன்று பேர் சொல்ல மூன்று விதமாகக் கிடைக்கிறது. மைதானத்தின் பெயரும் புள்ளிக் கணக்கும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. மூவரும் ஒருமித்துச் சொன்னவற்றை மட்டுமே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். விடை தேடுபவர் இதில் வரும் பேச்சுகளை ஒரு சொல்லும் விடாமல் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் ஏரிக்கரை நகரம் ஒன்றில் குடியேறிய தமிழர் சிலர் ஓய்வு நாள்களில் அமெரிக்கக் கால்பந்து ஆடிவந்தனர். பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓட வேண்டும், தடுக்க வருபவன் உடம்பால் மோதி வீழ்த்தலாம். அவர்களுடைய சங்கத்தின் விதிகளில் இரண்டு இக்கதைக்கு வேண்டியவை. தலைக்கவசம் இல்லாதவன் களத்தில் நிற்கக் கூடாது என்பது ஒன்று. தலையில் அடிபட்டவன், தான் நன்றாக இருப்பதாகத் தன் வாயால் சொன்னால் தொடர்ந்து ஆடலாம் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாம் விதியை மாற்ற வேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றவன் வேணுகோபால். மன்னார்குடிப் பத்திர எழுத்தர் ஒருவரின் மகன். அவனுடைய அண்ணன் இதே களத்தில் அடிபட்டு, நன்றாக இருப்பதாகச் சொல்லி, மேலும் அரை மணி நேரம் ஆடியவர். இன்று அவர் தம் மகளைப் பார்த்து, நீ யார் என்று கேட்கிறார்.

"அடிபட்டவனைக் கேக்காதீங்க. அவனோட கூட்டாளியைக் கேளுங்க. அவன் வேணாம்னா வெளியே அனுப்பிடுங்க" என்றான் வேணு.

"நல்லா இருக்கே! கூட்டாளிக்குப் பொறாமை வந்தா? அப்புறம் மைதானத்துல கோல்கம்பம் மட்டும்தான் நிக்கும்" என்றார் ஒருவர்.

சிரிப்பு எழுந்தது. நடுவர் ஹமீது சிரிக்கவில்லை. ஆனாலும், "ஒருத்தன் உடம்பைப் பத்தி இன்னொருத்தன் சொல்றதை நான் எப்படித் தம்பி எடுத்துக்கறது?" என்று கேட்டு, எதிராகவே கைதூக்கினார். ஒரே வாக்கில் தீர்மானம் தோற்றது.

வெளியே வந்ததும் வேணு ஆரோக்கியசாமியின் கையைப் பிடித்தான். ஆரோக்கியசாமி அவனைவிட இரண்டு வயது இளையவன்; அதே அணியில் அவனுக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவன்.

"மச்சான், எனக்கு அடிபட்டா நான் சொல்றதைக் கேக்காதே. ஹெல்மெட்டைப் பிடுங்கிடு. சத்தியம் பண்ணு."

"பிடுங்கினா என்னை அடிக்க வருவே."

"வருவேன். அப்பவும் குடுக்காதே."

ஆரோக்கியசாமி சத்தியம் செய்தான்.

இறுதி ஆட்டம் வந்தது. இரண்டு நிமிடம் மிச்சமிருக்க, வேணுவின் அணி சற்றே பின்தங்கியிருந்தது. பந்தோடு ஓடிய வேணு இருவர் மோதியதில் தலை தரையில் அடிக்க விழுந்தான். உடனே எழுந்தான். கவசத்தைக் கழற்றி மண்ணைத் தட்டினான். ஹமீது அருகில் வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நல்லா இருக்கேன் பாய்" என்றான். குரலில் நடுக்கமில்லை. ஹமீது விசிலை வாயில் வைத்தார்.

ஆரோக்கியசாமி குறுக்கே வந்து நின்றான். "வேணு, போய் உக்காரு. சத்தியம் வாங்கினது நீதான்."

வேணு சிரித்தான். "அன்னிக்குச் சொன்னதும் நான்தான், இப்பச் சொல்றதும் நான்தான். எங்கப்பா எத்தனை உயில் எழுதியிருக்காரு! முன்னாடி எழுதினதா செல்லும்? கடைசியா எழுதினதுதானே? வழிய விடுங்கண்ணே."

ஆரோக்கியசாமி ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தான். பிறகு கவசத்தைப் பறித்து வேலிக்கு அப்பால் இருந்த ஏரியில் எறிந்தான். மாற்றுக் கவசம் இல்லை. வேணு வெளியேற, அணி தோற்றது.

ஆரோக்கியசாமியைச் சங்கத்திலிருந்து நீக்குவதா என்று மறுவாரம் கூடிப் பேசினார்கள். "என் தலைக்கு நான்தான் சொந்தக்காரன். என் கடைசி வார்த்தையை இவன் மதிக்கலை" என்றான் வேணு. "விதியில என்ன இருந்துச்சோ அதைக் கேட்டேன். தம்பி சொன்னதை ஏத்துக்கிட்டேன்" என்றார் ஹமீது. "குடுத்த வாக்கைக் காப்பாத்தினேன்" என்றான் ஆரோக்கியசாமி.

மருத்துவர் வேணுவின் மூளையில் கசிவு கண்டார் என்று ஒருவர் சொல்கிறார். ஒன்றுமே இல்லை என்றார் என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டையும் விட்டுவிட்டேன். களத்தில் நின்ற அந்த நொடியில் வேணு, ஹமீது, ஆரோக்கியசாமி மூவருக்குமே அது தெரியாது.

தன் கடைசிச் சொல்லே செல்லும் என்ற வேணுவா, எழுதிய விதியைக் காத்த ஹமீதா, கவசத்தை எறிந்த ஆரோக்கியசாமியா? இதில் யார் செய்தது சரி?

விடை: ஆரோக்கியசாமி செய்ததே சரி. கடைசி உயிலே செல்லும் என்று வேணு சொன்னது உண்மைதான். ஆனால் அவன் தந்தை எழுதிய ஒவ்வோர் உயிலிலும், நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும் எழுதுவதாக ஒரு வரி இருந்திருக்கும். அந்த வரி பொய்யானால் முந்தைய உயிலே நிற்கும். வேணுவின் நினைவு பிசகியதற்குச் சான்று அவன் வாயிலேயே இருக்கிறது: மச்சான் என்று அழைத்துவந்த இளையவனை அன்று அவன் அண்ணே என்றான். பக்கத்தில் நின்ற ஹமீதுக்கு அது வெறும் மரியாதையாகப் பட்டது. அவர்மேல் குற்றமில்லை, குறை விதியில் இருந்தது. ஆரோக்கியசாமியை நீக்காமல் விதியை மாற்றியபோது முதலில் கைதூக்கியவர் அவரே. இப்போது ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவரும், தம்மைக் களத்திலிருந்து வெளியே அழைக்கும் உரிமையை ஒருவருக்குத் தந்து, அவர் பெயரைத் தாளில் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு வரையிலும் வேணு ஆரோக்கியசாமியோடு பேசவில்லை. தாளில் அவன் எழுதிய பெயர் மட்டும் ஆரோக்கியசாமி என்பதே. இதில் மூன்று வடிவங்களும் ஒத்துப்போகின்றன.